நல்லெண்ணெய் அபிஷேகமும் என் தரநிலையும்

பக்கத்தில் ஒருவன் கடிகாரத்தோடு நின்று பார்க்கும்போது மனிதன் செய்வது வேலை இல்லை, நடிப்பு. இதை நான் எந்த வகுப்பிலும் கற்றுக்கொள்ளவில்லை. கிடங்கின் நடுவே, கணுக்காலைச் சுற்றி நல்லெண்ணெய் ஓட ஓடக் கற்றுக்கொண்டேன். இப்போது நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது. படிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளலாம். நான் சிரிக்கப்போவதில்லை.

நான் ரீச் டிரக் ஓட்டுகிறவள். (ஃபோர்க்லிஃப்ட் என்று சொன்னால்தான் எல்லாருக்கும் விளங்கும். ஆனால் அது வேறு, இது வேறு. பஸ்ஸை லாரி என்று சொன்னால் என் வீட்டுக்காரருக்கு எப்படிக் கோபம் வருமோ, எனக்கும் அப்படித்தான் வரும்.) கிடங்கில் இரண்டு பக்கமும் வானத்துக்கு எழும்பிய ரேக்குகள். நடுவில் ஒரு சந்து. அந்தச் சந்துக்குள் வண்டியில் பக்கவாட்டாக உட்கார்ந்து ஓட்டிப்போய், பேலட் என்கிற பலகைத் தட்டில் அடுக்கிய சரக்கைத் தலைக்கு மேலே தூக்கி, கழுத்தை வளைத்துப் பார்த்தபடி ரேக்கில் சொருக வேண்டும். கழுத்து வலி இலவசம்.

பெயர் பரமேஸ்வரி. தமிழ்க்காரர்களுக்குப் பரமு அக்கா, மற்றவர்களுக்கு ஆண்டி. வீடு பொங்கோல், வேலை துவாஸ் பக்கம். சிங்கப்பூர்த் தீவின் ஒரு முனையிலிருந்து மறு முனை. வேறு நாடாக இருந்தால் அந்த நேரத்தில் வேறு மாநிலத்துக்கே போய் இறங்கியிருக்கலாம். நான் சிடுசிடுவென்று இருப்பதற்கு அந்த ரயில் பயணம்தான் காரணம் என்று என் மகள் தேவி சொல்வாள். இல்லை, பிறவிக் குணம் என்பது என் வீட்டுக்காரர் கட்சி.

எங்கள் கிடங்கிலிருந்துதான் சிராங்கூன் ரோட்டு இந்தியக் கடைகள் பலவற்றுக்கும் அரிசி, பருப்பு, எண்ணெய் எல்லாம் போகும். தீபாவளிக்குச் சில வாரங்கள் முன்பு தஞ்சோங் பகார் தலைமை அலுவலகத்தில், ஏசியில் உட்கார்ந்திருந்த யாருக்கோ ஒரு யோசனை உதித்தது. ரீச் டிரக் ஓட்டுகிறவர்கள் ஆளுக்கொரு மாதிரி ஓட்டுகிறார்களாம். எது நல்ல ஓட்டம், எது மோசமான ஓட்டம் என்று சொல்ல அளவுகோல் இல்லையாம். அதனால் வெளியிலிருந்து ஒரு ஆளை வரவழைத்து, வேலையைப் பிரித்துப் பகுத்துப் பார்த்து, தரநிலை ஒன்று எழுதப்போகிறார்களாம். அதை எட்டுகிறவர்கள் வண்டியில் இருப்பார்கள். எட்டாதவர்கள் கீழே இறங்கி பேலட்டுக்குப் பிளாஸ்டிக் சுற்ற வேண்டியதுதான். வேலை பெர்மிட்டில் வெளிநாட்டிலிருந்து வந்தவர்களுக்கு அதுவும் இல்லை. பெர்மிட் புதுப்பிக்கும்போது இந்தத் தரநிலையைத்தான் பார்ப்பார்களாம்.

கடைசி வரியைக் கேட்டதும் வீரபாண்டி முகம் சுருங்கிவிட்டது. ராமநாதபுரத்துக்காரன். என் பக்கத்துச் சந்தில் ஓட்டுகிறவன். மெதுவாக ஓட்டுவான். ஆனால் அவன் வைத்த பேலட்டை அளவு நாடா வைத்துப் பார்த்தாலும் கோணல் தெரியாது. அந்த முகத்தைப் பார்த்த அன்றே நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்க வேண்டும். இருந்தேனா?

தரநிலை எழுத வந்தவர் பெயர் கௌதம். கோயம்புத்தூர்ப் பையன் என்றுதான் சொல்ல வேண்டும், முப்பது வயதுகூட இருக்காது. கிளமெண்டியில் வாடகைக்கு இருந்தார். வந்ததும் எங்கள் சூப்பர்வைசர் ஜிம்மியிடம், உங்களிடம் இருப்பதிலேயே நல்ல ஓட்டுநர் யார் என்று கேட்டிருக்கிறார். ஜிம்மி என்னைக் கை காட்டினான். வருஷம் முழுக்க என்னிடம் ஒரு நல்ல வார்த்தை பேசியிராத ஜிம்மி! அன்றைக்கு மட்டும் ஆண்டிதான் பெஸ்ட் லா, ஆண்டி மாதிரி யாருமே இல்லை லா என்றான். சந்தேகம் வந்திருக்க வேண்டும். எனக்குத் தலைக்குமேல் கிரீடம்தான் வந்தது.

முதலில் கேள்விகள். கேண்டீனில் உட்காரவைத்துக் கேட்டார். காலையில் வந்ததும் முதலில் என்ன செய்வீர்கள், அதற்கு அடுத்து என்ன, அப்போது வலது கை எங்கே இருக்கும், கண் எங்கே இருக்கும், எதைப் பார்த்து நிறுத்துவீர்கள். என் கல்யாணத்துக்கு முன் என் மாமியார்கூட இவ்வளவு கேட்டதில்லை.

"பேலட்ட கவனமா வைப்பேன்" என்றேன்.

"கவனமான்னா எப்படிங்க மேடம்? பார்க்கிற இன்னொருத்தர் அது கவனம்தான்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?"

"சோறு வெந்துருச்சான்னு எப்படித் தெரிஞ்சுக்குவீங்க? அப்படித்தான்."

"ஒரு பருக்கைய எடுத்து நசுக்கிப் பார்ப்பாங்க மேடம்" என்றார், கொஞ்சமும் சிரிக்காமல். "எனக்கும் அந்த ஒரு பருக்கதான் வேணும்."

அந்தப் பருக்கை நான்தான். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று பெரியவர்கள் சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். அந்த ஒரு சோறு நடிக்கத் தெரிந்த சோறாக இருந்தால் என்ன செய்வது என்று ஒருத்தரும் சொல்லவில்லை.

மறுநாள் என் வேலையைப் பார்க்க வந்தார். விருந்தாளி வந்தால் நாம் என்ன செய்வோம்? கண்ணாடி அலமாரியில் பூட்டி வைத்திருக்கும் கோப்பையை எடுப்போம். வீட்டில் தினமும் அதில்தான் டீ குடிப்பதுபோல முகத்தை வைத்துக்கொள்வோம். நான் அதைத்தான் செய்தேன். வண்டியைச் சுற்றி வந்து சக்கரம் சக்கரமாகப் பார்த்தேன். சங்கிலியைத் தொட்டுப் பார்த்தேன். சரக்கைத் தூக்கும் ஃபோர்க்கின் முனையைக் குனிந்து பார்த்தேன். (குனிந்தவள் நிமிர முடியாமல் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றதையும், ஆழ்ந்து பரிசோதிக்கிறார் என்று அவர் எழுதிக்கொண்டார்.) ஒவ்வொரு சந்து முனையிலும் முழுதாக நிறுத்தினேன். ஹார்ன் அடித்தேன். இடது பார்த்தேன், வலது பார்த்தேன், இடது பார்த்தேன். பேலட்டைத் தூக்கும் முன் அதன் பலகை உடைந்திருக்கிறதா என்று வண்டியை விட்டு இறங்கிப்போய்ப் பார்த்தேன். எதிரே வந்த வீரபாண்டி தன் வண்டியை நிறுத்தி, எனக்கு உடம்புக்கு ஏதும் முடியவில்லையா என்று கேட்டான்.

கௌதம் அத்தனையையும் எழுதிக்கொண்டார்.

அதற்கு மறுநாள் கடிகாரம். பேலட்டை எடுத்ததிலிருந்து ரேக்கில் வைக்கும்வரை எவ்வளவு நேரம் என்று பார்க்கப்போவதாகச் சொன்னார். அவர் வருவதற்கு முன்பே ஜிம்மி என் காதில், ஆண்டி, டைம் எடுக்கிறாங்க, மானத்தை வாங்கிடாதே என்று சொல்லிவிட்டுப் போனான். போகும்போதே என் சந்திலிருந்த மற்ற வண்டிகளையும், தள்ளுவண்டிகளையும், ஆட்களையும் விரட்டிவிட்டான். அமைச்சர் வரும் தெரு மாதிரி வெறிச்சென்று இருந்தது. சரக்கும் லேசான சரக்கு, பிஸ்கட். நானும் பறந்தேன். முந்தின நாள் காட்டிய சோதனை ஒன்றுகூடச் செய்யவில்லை. அதுதான் நேற்றே காட்டியாச்சே என்பது என் கணக்கு. முனையில் நிற்கவில்லை, ஹார்ன் ஒரே ஒரு தட்டு. வைத்துவிட்டுத் திரும்பி வந்து நின்றபோது கௌதம் கடிகாரத்தைத் தட்டிப் பார்த்தார், ஓடுகிறதா என்று.

அன்று இரவு வீட்டில், நான்தான் சிங்கப்பூரின் தரநிலை என்கிற அளவுக்குப் பேசினேன். என் வீட்டுக்காரர் மணியம் பஸ் ஓட்டுகிறவர். அவர் தலையை நிமிர்த்தாமல் மீன் முள்ளை எடுத்துக்கொண்டே, "நேத்து ஆமை, இன்னிக்குக் குதிரை. எழுதறவன் எதைம்மா எழுதுவான்?" என்று கேட்டார்.

நல்ல கேள்வி. பொறாமை என்று நினைத்தேன்.

எழுதுகிறவன் இரண்டையும் எழுதினான். அதுதான் நடந்தது. வரைவுத் தரநிலையை அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள். முதல் நாள் செய்த அத்தனை சோதனைகளும் அதில் இருந்தன. நிற்றல், பார்த்தல், ஹார்ன், இறங்கிப்போய்ப் பலகை பார்த்தல், எல்லாம். கீழே நேரம் என்று போட்டிருந்தது. இரண்டாம் நாள் நேரம். ஆமை செய்கிற அத்தனையும் செய்து குதிரையின் நேரத்தில் முடிக்க வேண்டும்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு நான் போய் உட்கார்ந்த மேசையிலிருந்து ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். வீரபாண்டி மட்டும் உட்கார்ந்திருந்தான்.

"நீங்க ராக்கெட்டுக்கா" என்றான். "பரவால்ல, நல்லா இருங்க. எங்களத்தான் மாட்டு வண்டி ஆக்கிட்டீங்க. எனக்கு அடுத்த மாசம் பெர்மிட் முடியுது."

அப்போதாவது நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். கோபம்தான் வந்தது. பயிற்சி எடுத்தால் எல்லாம் முடியும், சும்மா உட்கார்ந்து அழாதே என்று அவனைத் திட்டினேன். பக்கத்தில் ஜிம்மி நின்றதைக் கவனிக்கவில்லை. அவன் முகம் மலர்ந்தது. முடியுமா ஆண்டி, அப்படியென்றால் தலைமை அலுவலகத்துக்காரர்கள் வரும்போது நீயே செய்து காட்டிவிடு என்றான்.

செய்து காட்டும் நாளும் வந்தது. தீபாவளிச் சரக்கு வந்து இறங்கிய நாள். சந்தைக் காலி செய்ய ஜிம்மியாலும் முடியவில்லை, அவன் தாத்தா வந்திருந்தாலும் முடியாது. மஞ்சள் கோட்டுக்கு அந்தப் பக்கம் தலைமை அலுவலகத்திலிருந்து வந்த மேலாளர் அம்மா வெள்ளைச் செருப்போடு நின்றார். ஜிம்மி நின்றான். கையில் கடிகாரத்தோடு கௌதம் நின்றார். கொஞ்சம் தள்ளி வீரபாண்டியும் மற்றவர்களும். எனக்குக் கொடுத்த பேலட்டில் நல்லெண்ணெய்ப் பெட்டிகள். தீபாவளிக் குளியலுக்கு சிராங்கூன் ரோட்டுக் கடைகளில் விற்க வேண்டிய எண்ணெய்.

சக்கரம் பார்த்தேன். சங்கிலி பார்த்தேன். குனிந்தேன். (நிமிர்ந்தேன்.) இறங்கிப்போய்ப் பலகை பார்த்தேன். முனையில் நின்றேன், ஹார்ன் அடித்தேன், எதிரே வந்த தள்ளுவண்டிக்கு வழி விட்டேன். எல்லாம் சரியாகத்தான் செய்தேன். இதெல்லாம் முடிந்தபோது நான் இன்னும் ரேக்குக்கே வந்து சேரவில்லை. நேரமோ முடியப்போகிறது. கௌதம் கடிகாரத்தைப் பார்ப்பதை நான் பார்த்தேன். வீரபாண்டி என்னைப் பார்ப்பதையும் பார்த்தேன். அங்கேதான் என் புத்தி பேதலித்தது.

வண்டி முழுதாக நிற்கவில்லை. அதற்குள் தூக்க ஆரம்பித்துவிட்டேன். ரீச் டிரக் தெரிந்த யாரும் இந்த வரியைப் படித்தால் கண்ணை மூடிக்கொள்வார்கள். ஓடுகிற வண்டியில் உயரே தூக்கிய சரக்கு, பிரேக் போட்டதும் கும்பிடு போடும். போட்டது. பேலட்டின் முனை ரேக்கின் இரும்பில் இடித்தது. சுற்றியிருந்த பிளாஸ்டிக் ஒரு பெருமூச்சு விட்டதுபோலக் கிழிந்தது. மேல் வரிசைப் பெட்டிகள் ஒன்றன் பின் ஒன்றாக, அவசரமே இல்லாமல், வரிசையில் நின்று பஸ் ஏறுகிறவர்கள் மாதிரி கீழே விழுந்தன.

மஞ்சள் கோடு எதற்காகப் போட்டிருக்கிறார்கள் என்பது அன்றைக்கு அந்த மேலாளர் அம்மாவுக்கு விளங்கியிருக்கும். ஆட்கள் மேல் எதுவும் விழவில்லை. ஆனால் எண்ணெய்க்குக் கோடு தெரியாது. மெதுவாக, பளபளவென்று, ஊரே மணக்க, எல்லாக் கோடுகளையும் தாண்டிப் போய்ப் பார்த்தது. ஜிம்மி திறந்த வாயை மூட மறந்து நின்றான். வெள்ளைச் செருப்பு மஞ்சள் செருப்பாயிற்று. நான் வண்டியை அணைத்துவிட்டு இறங்கினேன். என்னை நோக்கி ஓடி வந்த ஒரே ஆள் கௌதம். பாதி தூரம் ஓடினார். மீதி தூரம் உட்கார்ந்தபடியே வந்து சேர்ந்தார்.

என் காலடியில் வந்து நின்றவர், எண்ணெய் சொட்டச் சொட்ட நிமிர்ந்து பார்த்து, "மேடம், உங்களுக்கு ஒண்ணும் ஆகலையே?" என்றார். கையில் கடிகாரம் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

இதற்குத்தான் எனக்கு இன்றுவரை ஆத்திரம். திட்டியிருந்தால் நானும் திருப்பித் திட்டியிருப்பேன். அதில் எனக்கு நல்ல பயிற்சி உண்டு. இப்படிக் கேட்டால் என்ன சொல்வது?

அன்றே என்னை வண்டியிலிருந்து இறக்கிப் பிளாஸ்டிக் சுற்றும் வேலையில் போட்டார்கள். இறக்கியது நியாயம்தான், அதில் எனக்குப் பேச்சில்லை. அடுத்து நடந்ததுதான் அநியாயம். இவ்வளவு ஆன பிறகும் அந்தத் தரநிலையைக் கிழித்துப் போடவில்லை. தரநிலை சரிதான், ஓட்டினவள்தான் சரியில்லை என்று தலைமை அலுவலகம் சொல்லிவிட்டது. அடுத்த வாரம் வீரபாண்டிக்குச் சோதனை. அதே சோதனைகள், அதே நேரம்.

வீரபாண்டி நான் சுற்றி முடித்த பேலட்டை எடுக்க வருவான், எடுப்பான், போவான். ஒரு தடவை மட்டும், "பிளாஸ்டிக்க இன்னொரு சுத்து சுத்துங்கக்கா, எண்ணெய்ப் பேலட்டு" என்றான். குத்தல் இல்லை, நிஜமாகவே சொன்னான். அது இன்னும் மோசம்.

நான் கேண்டீனுக்குப் போனேன். கௌதம் ஒரு மூலையில் தனியாக உட்கார்ந்திருந்தார். எதிரே போய் உட்கார்ந்தேன்.

"மேடம், ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன்" என்றார். "முதல் நாள் பார்த்தது, ரெண்டாவது நாள் பார்த்தது. இதுல எதுங்க உங்க வேலை?"

"ரெண்டும் இல்ல."

பேனாவைக் கீழே வைத்தார்.

"மொத நாள் உங்களுக்குக் காட்டுறதுக்காக ஓட்டுனேன். ரெண்டாவது நாள் அந்தக் கடிகாரத்துக்கு ஓட்டுனேன். சந்தக் காலி பண்ணிக் குடுத்தாங்க, அதையும் நீங்க எழுதிக்கல. நான் வேலைக்கு ஓட்டுறத நீங்க இன்னும் பார்க்கவே இல்ல தம்பி."

தன் பங்குக்கு அவர் செய்ததும் தப்புதான் என்றார். ஒரே ஆளைப் பார்த்தது தப்பு, அதுவும் கெட்டிக்காரி என்று காட்டப்பட்ட ஆளை மட்டும் பார்த்தது பெரிய தப்பு, வெவ்வேறு நாள் பார்த்ததை ஒட்டுப் போட்டது அதைவிடப் பெரிய தப்பு. இவ்வளவும் தெரிந்தும் ஏன் செய்தீர்கள் என்று கேட்டேன். தீபாவளிக்கு முன் முடிக்கச் சொன்னார்களாம். எல்லா அநியாயத்துக்கும் ஒரு கெடு தேதி இருக்கிறது.

இதைத் தலைமை அலுவலகத்தில் சொல்வீர்களா என்று கேட்டார். சொன்னேன். காலில் பாதுகாப்புச் சப்பாத்தோடு தஞ்சோங் பகார் போய், கம்பளம் விரித்த அறையில், அந்த மேலாளர் அம்மா முன்னால் (அன்று கறுப்புச் செருப்பு), நான் செய்து காட்டிய இரண்டு நாளும் பொய் என்று சொன்னேன். நான் ஆங்கிலத்தில் தடுமாறிய இடத்தில் கௌதம் எடுத்துக் கொடுத்தார். சந்தைக் காலி செய்தது யார் என்று அந்த அம்மா கேட்டார். கூட வந்திருந்த ஜிம்மி கம்பளத்தைப் பார்த்தான். அங்கே நான் ஒருத்தி மட்டும் அசிங்கப்படவில்லை என்பதில் எனக்குக் கொஞ்சம் நிம்மதி. பொய் சொல்வானேன்.

வீரபாண்டியின் சோதனையைத் தள்ளிவைத்தார்கள். கௌதம் முதலிலிருந்து ஆரம்பித்தார். இந்தத் தடவை எல்லா ஓட்டுநர்களும், எல்லா மாதிரி நாட்களும், கூட்டமான சந்தும் காலிச் சந்தும். எழுதுகிற அட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்காதீர்கள், நின்றால் எல்லாரும் நடிப்பார்கள் என்று நான்தான் அவரைப் பிளாஸ்டிக் சுற்ற வைத்தேன். இரண்டு நாளில் அவர் சுற்றுவதைப் பார்த்து எல்லாரும் சிரித்தார்கள். நான்காம் நாள் அவர் இருப்பதையே மறந்தார்கள். அப்புறம்தான் அவருக்கு வேலை தெரிய ஆரம்பித்தது. ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகக் கேட்டார்: வேலை கெட்டுப்போன ஒரு நாளைச் சொல்லுங்கள். அதற்கு முன்னால் என்ன நடந்தது, நீங்கள் என்ன செய்தீர்கள், என்ன ஆனது. நல்லபடியாக முடிந்த ஒரு நாளையும் அப்படியே சொல்லுங்கள்.

புதுத் தரநிலை வந்தது. அதில் எல்லாரும் எட்டக்கூடிய நேரம் இருந்தது. கூட்டமான சந்துக்கு வேறு நேரம், கனமான சரக்குக்கு வேறு நேரம். வீரபாண்டி சோதனையில் தேறினான். அவன் பெர்மிட்டும் புதுப்பிக்கப்பட்டது. தீபாவளி முடிந்து பயிற்சி எடுத்து, நானும் தேறி என் வண்டியில் ஏறினேன். இதோடு நின்றிருந்தால் நான் எல்லாவற்றையும் மன்னித்திருப்பேன்.

ஆனால் அந்தத் தரநிலையில் ஒவ்வொரு வேலைக்கும் ஒன்று முதல் ஐந்து வரை நிலை போட்டார்கள். ஒவ்வொரு நிலைக்கும், பார்த்ததும் விளங்கும்படி, நிஜமாக நடந்த ஓர் உதாரணம். 'ரேக்கில் சரக்கு வைத்தல்' என்ற பகுதியில் ஐந்தாம் நிலை வீரபாண்டி: சந்தேகம் வந்தால், எவ்வளவு அவசரமானாலும், சரக்கைக் கீழே இறக்கிவிட்டு மறுபடி தொடங்குகிறார். முதல் நிலை, அதாவது அடிமட்டம், அதாவது ஏற்கவே முடியாதது: தாமதத்தை ஈடுகட்ட, வண்டி முழுதாக நிற்கும் முன்பே சரக்கை உயர்த்துகிறார், ரேக்கில் இடிக்கிறார், சரக்கு தரையில் விழுகிறது.

பெயர் போடவில்லை. அதற்கு நான் நன்றி சொல்ல வேண்டுமாம்.

இப்போது புதியவர்களுக்கு அதைச் சொல்லிக்கொடுப்பது யார் தெரியுமா? நான்தான். போன மாதம் சேர்ந்தவர், மீசையெல்லாம் நரைத்த மனிதர், முதல் நிலையைப் படித்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார்.

"ஏக்கா, நெசமாவே இப்படி ஒரு மடையன் இருந்தானா?"

"இருந்தான்."

"இப்ப எங்க இருக்கான்?"

"வண்டியிலேர்ந்து எறக்கிட்டாங்க" என்றேன். பக்கத்துச் சந்தில் வீரபாண்டி ஹார்ன் அடித்தான். அங்கே முனையும் இல்லை, எதிரே வண்டியும் இல்லை.

வீட்டில் இன்னும் மோசம். ஞாயிற்றுக்கிழமை தேக்கா கடைத்தெருப் பக்கம் போய் மளிகை வாங்கினால், என் வீட்டுக்காரர் கடைக்காரரிடம் நல்லெண்ணெய்ப் பாட்டிலைக் காட்டி, அண்ணே, கீழே விழாத பாட்டிலாகப் பார்த்துக் கொடுங்கள் என்பார். ரசம் கொஞ்சம் புளித்தால் தேவி ஒரு விரலை மட்டும் தூக்கிக் காட்டுவாள். முதல் நிலை என்று அர்த்தம். இவளைப் பெற்றதற்கு நான் இன்னொரு பேலட்டைக் கவிழ்த்திருக்கலாம்.

தீபாவளிக் காலையில் எல்லாருக்கும் தலையில் எண்ணெய் வைப்பது எங்கள் வீட்டில் என் வேலை. கிண்ணத்தை எடுத்துக்கொண்டு நான் வருவேன். வருஷம் தவறாமல் அப்பனும் மகளும் எழுந்து, சுவரோரம் போய், தரையில் இல்லாத ஒரு மஞ்சள் கோட்டுக்கு அந்தப் பக்கம் கைகட்டி நிற்பார்கள்.

"பரமு" என்பார் அவர், "முழுசா நின்னுட்டு அப்புறம் தூக்கும்மா."

நிற்கிறேன். வேறு வழி? முழுதாக நின்றுவிட்டுத்தான் கிண்ணத்தைத் தூக்குகிறேன். அதன் பிறகு அந்த ஆள் தலையில் நான் தேய்க்கிற தேய்ப்பு இருக்கிறதே, அதற்கு மட்டும் இன்னும் யாரும் தரநிலை எழுதவில்லை.